வெளிச்சத்தைத் தள்ளி வையுங்கள்!

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? இருந்தால், அவருடைய புகைப்படங்களில் சுமாராகவாவது இருக்கும் ஒன்றை இப்போதே தேடி எடுங்கள், பார்க்கலாம்.

நூறு படம் இருக்கும். பேரன் காதுகுத்தில் ஒன்று, பேத்தி கல்யாணத்தில் பத்து, தீபாவளிக்குத் தீபாவளி இரண்டு என்று ஆல்பத்திலும் டெலிபோனிலுமாகச் சேர்ந்து கிடக்கும். ஆனால் அவற்றில் இருக்கும் பாட்டியை உற்றுப் பாருங்கள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் மூக்கைக் காணோம். மூக்குத்தி மட்டும் மின்னுகிறது. நெற்றியில் எண்ணெய் வழிந்தாற்போல ஒரு பளபளப்பு. கண் இரண்டும் செக்கச் செவேல். போதாததற்கு, முதுகுக்குப் பின்னால் சுவரில் கன்னங்கரேலென்று இன்னொரு பாட்டி!

இதே பாட்டியை அவருடைய கல்யாணத்தின்போது முற்றத்து வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் கூடத்தில் தொங்கும். அதில் எத்தனை லட்சணம்! காமிரா என்னவோ அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குப் பத்து மடங்கு உயர்ந்துவிட்டது. முகம்தான் இறங்கிவிட்டது.

என்றைக்காவது ஒரு நாள், சொல்வதற்கு மனம் வராத ஒரு நாளில், வீட்டில் யாராவது ஒருவர் அந்த நூறு படங்களையும் புரட்டி, பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்ட ஒன்றைப் பொறுக்க வேண்டியிருக்கும். அன்றைக்குத் தேடினால் கிடைக்காது. ஆகையால் நான் சொல்லப் போவதை வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாதீர்கள். பாட்டி திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே செய்துகொள்ள வேண்டிய காரியம் இது. செலவும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

குற்றவாளி யார் என்கிறீர்களா? காமிராவின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே, அந்த ப்ளாஷ் விளக்குத்தான். விளக்கின் பேரிலும் குற்றமில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் பேரில்தான் குற்றம். ஒரு முகம் முகமாகத் தெரிவது நிழலினால். மூக்கின் ஓரம், கன்னத்தின் குழிவு, தாடையின் அடி, இங்கெல்லாம் லேசாக இருட்டு விழுந்தால்தான் மேடு பள்ளம் புரியும். காமிரா பார்க்கிற திசையிலிருந்தே வெளிச்சமும் போனால், விழுகிற நிழலெல்லாம் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுவிடும். சூரியனை நெற்றியில் கட்டிக்கொண்டு நாம் யாரும் திரிவதில்லை அல்லவா? கண் சிவப்பதற்கும் இதுதான் காரணம். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்ட ஒளி கண்மணிக்குள் நுழைந்து, உள்ளே இரத்தம் ஓடும் திரையில் பட்டு, வந்த வழியே திரும்பி லென்ஸுக்குள் விழுகிறது. விளக்கை நாலு அடி நகர்த்திவிட்டால் சிவப்பு தானாகப் போய்விடும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், ப்ளாஷ் பிறந்தபோது காமிராவின் தலையில் பிறக்கவில்லை. 1887-ல் ஜெர்மனியில் மக்னீஷியம் கலந்த வெடிமருந்துப் பொடி ஒன்று கண்டுபிடித்தார்கள். டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய்ப் பத்திரிகை நிருபரான ஜேக்கப் ரீஸ் என்பவர், அந்தப் பொடியை எடுத்துக்கொண்டு நியூயார்க் நகரத்தின் சேரிகளுக்குள் இரவு வேளையில் நுழைந்தார். ஜன்னல் இல்லாத அறைகளில் பத்துப் பேரும் பன்னிரண்டு பேருமாகப் படுத்துக் கிடந்த ஏழைகளை உலகம் அதற்கு முன் படத்தில் பார்த்ததில்லை. பொடியை அவர் எதில் வைத்துக் கொளுத்தினார் தெரியுமா? சமையல் வாணலியில்! அந்த வாணலியைக் காமிராவுக்கு மேல் வைத்தால் காமிராவும் பொசுங்கும், தாடியும் பொசுங்கும். ஆகவே தள்ளித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியும் இரண்டு தடவை வீட்டில் தீப்பிடித்ததாகவும், ஒரு தடவை தம் மேலேயே தீப்பற்றியதாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் படங்களைக் கொண்டு 1890-ல் அவர் வெளியிட்ட புத்தகம் நியூயார்க்கில் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று.

பொடிக்குப் பிறகு, 1929-ல் கண்ணாடி பல்பு வந்தது. 1931-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் எட்ஜர்டன், திரும்பத் திரும்ப மின்னக்கூடிய மின்சார ப்ளாஷைச் செய்து காட்டினார். பால் சொட்டு விழுந்து கிரீடம் போலத் தெறிக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்களே, 1957-ல் அதை எடுத்தவர் இவர்தான். விளக்கு சிறுத்தது, விலை குறைந்தது, தீப்பிடிக்கும் அபாயம் போயிற்று. சௌகரியம் அதிகமானதும் நாம் அதைக் காமிராவின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, கழற்ற முடியும் என்பதையே மறந்துவிட்டோம்.

சரி, கழற்றுவதற்கு முன்னால் ஒரு தம்பிடி செலவில்லாத உபாயம் ஒன்று சொல்கிறேன். உங்கள் ப்ளாஷின் தலை நிமிரக்கூடியதாக இருந்தால், அதைப் பாட்டியைப் பார்த்துத் திருப்பாதீர்கள். வெள்ளைக் கூரையைப் பார்த்தோ, பக்கத்துச் சுவரைப் பார்த்தோ திருப்புங்கள். ஒளி அங்கே போய் மோதிப் பரவி, ஜன்னல் வெளிச்சம் மாதிரி திரும்பி வரும். சுவர் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. நம் ஊரில் பச்சை டிஸ்டெம்பர் என்றால் எல்லோருக்கும் ஆசை. பச்சைச் சுவரில் ஒளியை மோதவிட்டால் பாட்டி பச்சைப் பாட்டியாகிவிடுவார். ஓட்டு வீட்டிலும், கறுத்த உத்தரம் போட்ட பழைய மெத்தை வீட்டிலும் இது பலிக்காது; ஒளியைக் கூரை விழுங்கிவிடும். கல்யாண மண்டபத்திலோ கூரை ஆகாயத்தில் இருக்கிறது.

இனி, கழற்றுவது. விளக்குக் காமிராவை விட்டுப் பிரிந்து போனாலும், ஷட்டர் திறக்கும் கணத்தில் தவறாமல் மின்ன வேண்டும். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒயர் போட்டு இணைப்பது பழைய வழி. மூன்று கஜமோ ஐந்து கஜமோ நீளமுள்ள ஒயரின் ஒரு முனை காமிராவில், மறு முனை ப்ளாஷில். பாட்டரி வேண்டாம், தகராறு இல்லை, விலையும் மலிவு. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் யாராவது காலை மாட்டிக்கொண்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழியில் ஒளியே தூது போகிறது. சில ப்ளாஷ்களில் சின்னக் கண் ஒன்று இருக்கிறது. எதிரே இன்னொரு ப்ளாஷ் மின்னுவதைக் கண்டால் அந்தக் கணமே தானும் மின்னும். ‘ஸ்லேவ்’ என்று பெயர். உங்கள் காமிராவிலேயே எழும்பி நிற்கும் குட்டி ப்ளாஷ் இருந்தால், அதைக் கையால் அமைக்கும் நிலைக்கு மாற்றி, மிகக் குறைந்த பலத்தில் வைத்து, தூதுக்கு மட்டும் அனுப்பலாம். தானாக அளக்கும் நிலையில் விட்டுவைத்தால், அது படம் எடுக்குமுன்னே ஒரு தடவை கண் சிமிட்டி அளவு பார்க்கும். ஸ்லேவ் அதையே உத்தரவு என்று எண்ணி முன்னதாகவே மின்னித் தீர்த்துவிடும். இன்னொரு தொல்லை: கல்யாண வீட்டில் யார் படம் எடுத்தாலும் உங்கள் விளக்கு விசுவாசமாக மின்னிக்கொண்டேயிருக்கும்!

மூன்றாவதாக ரேடியோ அலை. ‘டிரிக்கர்’ என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்டால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். வெயிலிலும் வேலை செய்யும். சுவருக்கு அப்பாலிருந்தும் வேலை செய்யும். கோடாக்ஸ் கம்பெனியின் டி.டி.600, யாங்நுவோ கம்பெனியின் ஒய்.என்.560 வரிசையில் மூன்றாவதும் நான்காவதும், இவைபோன்ற சீன ப்ளாஷ்களில் ரேடியோ வாங்கி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தந்தக் கம்பெனியின் அனுப்பும் டிரிக்கரை மட்டும் காமிராவின் தலையில் மாட்டினால் போதும். பெரிய காமிராக் கம்பெனிகளின் முதல்தர ப்ளாஷ் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இந்த விளக்குகளுக்கு ஆகாது. எல்லாவற்றையும் தானே அளந்துகொள்ளும் சாமர்த்தியம் இவற்றுக்குக் கிடையாது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் எதற்கு? மேடையில் தாலி கட்டுவதை ஓடி ஓடி எடுப்பவருக்குத்தான் அது வேண்டும்.

வாங்கப் போகும்போது காமிராவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ப்ளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் வட்டமாக ஓர் உலோகப் புள்ளி இருக்கவேண்டும். சில காமிராக்களில், உதாரணமாக 2019-ல் வந்த கானன் இ.ஓ.எஸ். 200டி மார்க் 2-ல், அந்தப் புள்ளி கிடையாது. சாதாரண டிரிக்கர் அதில் ஊமையாக உட்கார்ந்திருக்கும். அத்தகைய காமிராவுடன் சேருமென்று கடைக்காரர் அங்கேயே மாட்டி மின்னிக் காட்டினால் வாங்குங்கள்.

பரணில் கிடக்கும் அப்பா காலத்து ப்ளாஷை உபயோகிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் ஜாக்கிரதை! பழைய ப்ளாஷ்கள் சிலவற்றில் காமிராவைத் தொடும் முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய காமிராக்களில் சில ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பதாயிரம் ரூபாய்க் காமிராவைப் பொசுக்கிக்கொள்ள வேண்டாம். எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து வோல்ட்மீட்டரால் அளந்து பார்த்த பிறகே மாட்டுங்கள். அல்லது காமிராவைத் தொடவே விடாமல், ஸ்லேவ் கண் ஒன்று வாங்கி அதில் பொருத்திவிடுங்கள். எந்த ப்ளாஷானாலும், பழுதாகிவிட்டதென்று ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கண்டென்சரில் 300 வோல்ட் அளவில் மின்சாரம் தேங்கியிருக்கும். பாட்டரியைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே காத்திருக்கும். அடித்தால் ஆளை வீழ்த்தக்கூடிய அடி.

விளக்குக் கழன்றாயிற்று. அதை அப்படியே பக்கவாட்டில் வைத்து மின்னினால் என்ன ஆகும்? மூக்கின் நிழல் கத்தியால் கீறினாற்போலக் கன்னத்தில் விழும். நாடகத்தில் வில்லனுக்குச் சரி, பாட்டிக்கு ஆகாது. ப்ளாஷின் முகம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து புறப்படும் ஒளி கடுமையாகத்தான் இருக்கும். உச்சிவெயிலையும் மேகம் மூடிய வானத்தையும் நினைத்துப் பாருங்கள். சூரியன் ஒன்றுதான், மேகம் வந்ததும் வானமே விளக்காகிவிடுகிறது, நிழல் இளகிவிடுகிறது. நமக்கும் ஒரு மேகம் வேண்டும்.

நம் தேசத்தில் இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956-ல் வெளிவந்தது. காசி நகரத்து வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள்ளேயே அமைத்திருந்தார்கள். முற்றம் என்றால் மேலே வானம் இருக்கவேண்டும். நாலு புறமும் விளக்கைப் போட்டால் நாலு நிழல் விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா என்ன செய்தார்? முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டச் சொல்லி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பிவிட்டார். துணியே வானமாகி, நிழலில்லாத மெல்லிய வெளிச்சத்தைக் கொட்டிற்று. படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது ஸ்டூடியோ என்றே தோன்றாது. மித்ராவுக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை.

நம்மிடம் என்ன துணி இல்லையா? புகைப்படச் சாமான் கடைகளில் வெள்ளைக் குடை ஒன்று மலிவாகவே கிடைக்கிறது. ஒளி ஊடுருவிப் போகும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அதுவும் வேண்டாமென்றால், வெள்ளை வேஷ்டி ஒன்றை இரண்டு நாற்காலி முதுகுகளுக்கு நடுவே திரைபோலக் கட்டி, அதன் பின்னாலிருந்து மின்னுங்கள். சலவைக்கு நீலம் அதிகம் போட்ட வேஷ்டியாக இருக்கக்கூடாது. எதிர்ப் பக்கத்துக்கு ஒரு தெர்மாகோல் பலகை வாங்கிச் சாத்தி வைத்தால், விளக்கு விழாத கன்னத்துக்கு அது கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் பையன்கள் வெள்ளைப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான்.

இப்போது பாட்டியைக் கூப்பிடலாம். “என்னை எதுக்குடா படம் எடுக்கறே, கிழவியை!” என்பார். விடாதீர்கள்.

நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடாமல் ஐந்தாறு அடி முன்னால் தள்ளிப் போடுங்கள். நிழல் சுவரில் விழாமல் தரையில் விழுந்து மறைந்துவிடும். விளக்கும் குடையும் பாட்டியின் முகத்துக்கு ஒரு பக்கமாக, நேருக்கும் பக்கவாட்டுக்கும் நடுவான கோணத்தில், கண்மட்டத்துக்கு ஓரடி ஒன்றரையடி உயரத்தில் இருக்கட்டும். முகத்துக்கும் குடைக்கும் நாலு அடி போதும். குடையைக் கிட்டே கொண்டுவரக் கொண்டுவர வெளிச்சம் மெத்தென்று ஆகும். தூரம் போகப் போக அதே குடை சின்ன விளக்காகிவிடும். ஸ்டாண்டு வாங்கப் பணமில்லையா? உயரமான பேரன் ஒருவன் இருப்பானே, அவன் கையில் கொடுங்கள். ஸ்டாண்டு இருந்தால் அதன் காலில் தண்ணீர் நிரப்பிய வாளியைக் கட்டித் தொங்க விடுங்கள். முக்கியமான ஒன்று: மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். விசிறிக் காற்றில் குடையோடு ஸ்டாண்டும் சாய்ந்து விழுந்து ப்ளாஷ் நொறுங்குவது புதியவர்கள் வீட்டில் சர்வசாதாரணம்.

மூக்குக்கண்ணாடி போட்டவராக இருந்தால் கண்ணாடியில் குடை வெள்ளையாகத் தெரியும். விளக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். அல்லது கண்ணாடியின் காதுக் கம்பிகளை ஒரு நூலளவு தூக்கிவிடுங்கள். சரியாகிவிடும். நம்மவர்களின் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இந்த அகன்ற வெளிச்சம் போல உகந்தது வேறில்லை. நேரடி ப்ளாஷில் எண்ணெய்ப் பளபளப்பாகத் தெரிந்த அதே நெற்றி, இதில் வெண்கலச் சிலைபோல மினுங்கும். பட்டுப்புடவையின் சரிகையும் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழும்பி நிற்கும்.

கணக்கு என்று ஒன்று உண்டு, பயப்படாதீர்கள். ஒவ்வொரு ப்ளாஷுக்கும் ‘கைடு நம்பர்’ என்று ஓர் எண் இருக்கிறது. அதை, விளக்கிலிருந்து முகம் எத்தனை மீட்டர் என்பதால் வகுத்தால், லென்ஸின் துவாரத்துக்கான எண் கிடைக்கும். எண் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கிலிருந்து குடை வழியாக முகம் வரை 2 மீட்டர். முழுப் பலத்தில் எஃப் 16. பலத்தைக் கால் பங்காகக் குறைத்தால் எஃப் 8. குடை தன் பங்குக்கு ஏறக்குறைய இரண்டு படி தின்றுவிடும். ஆக எஃப் 4. இது ஐ.எஸ்.ஓ. 100-க்கு. பெட்டியின் மேல் ‘60’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்காதீர்கள். ஒளியை ஒரே இடத்தில் குவித்து அளந்த எண் அது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்குத் தெரிந்த மாதிரி. பிலிம் காலத்தில் கணக்குத் தப்பினால் காசு போயிற்று. இப்போது எடுத்த படம் அப்போதே காமிராவின் முதுகில் தெரிகிறது; அதிகமென்றால் விளக்கைத் தள்ளி வையுங்கள், குறைவென்றால் கிட்டே கொண்டுவாருங்கள்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ப்ளாஷ் மின்னி மறைவது வினாடியில் மிகச் சிறு பங்குக்குள். ஆகவே ஷட்டரை எத்தனை நேரம் திறந்து வைத்தாலும் ப்ளாஷின் வெளிச்சம் கூடாது, குறையாது. கூடுவதும் குறைவதும் அறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்தான். கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல் வரிசையோடு பாட்டியை எடுக்கவேண்டுமா? முகத்துக்கு ப்ளாஷைச் சரிசெய்துகொண்டு, ஷட்டரை மட்டும் வினாடியில் 15-ல் ஒரு பங்கு, 8-ல் ஒரு பங்கு என்று மெதுவாக்குங்கள். பின்னால் தீபங்கள் சுடர்விட்டு எழும். காமிராவுக்கு மூன்று கால் ஸ்டாண்டு வேண்டும். ப்ளாஷின் ஒளி பகல் வெள்ளை, தீபமோ பொன்னிறம். இரண்டும் ஒட்டாமல் நிற்கும். பரிசுப் பெட்டியில் சுற்றி வருகிற ஆரஞ்சு வர்ணக் கண்ணாடிக் காகிதத்தை ஒரு துண்டு வெட்டி ப்ளாஷின் முகத்தில் ஒட்டினால் இரண்டும் சம்பந்திகளாகிவிடும். மெதுவாக்கலாமே தவிர, வேகப்படுத்த ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான காமிராக்களில் 200-ல் ஒரு பங்கு வினாடியைத் தாண்டினால் படத்தில் பாதி இருட்டாகிவிடும்.

“எங்களிடம் டெலிபோன்தான் இருக்கிறது” என்று சொல்லும் வாசகர்களுக்கும் வழி உண்டு. டெலிபோனின் முன் விளக்கை அணைத்துவிடுங்கள். வீட்டில் இன்னொருவருடைய டெலிபோனின் டார்ச் விளக்கை ஏற்றி, அதன் முன்னால் ஒரு கை தூரத்தில் வெள்ளைத் துண்டை விரித்துப் பிடிக்கச் செய்து, பக்கத்திலிருந்து காட்டச் சொல்லுங்கள். ப்ளாஷின் பலம் அதற்கு வராது. ஆகையால் ஆடாமல் அசையாமல் எடுக்கவேண்டும். வெளிச்சம் வரும் திசை மாறிவிட்டதே, அதுவே முக்கால் பங்கு காரியம்.

முதல் நாலைந்து படங்களில் பாட்டி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அவற்றை வீணாக எண்ணாதீர்கள். விளக்கைச் சரிபார்க்க உதவும். பிறகு காமிராவைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, அவர் கல்யாணத்தில் சாப்பாடு போதாமல் போன கதையையோ, தாத்தா பெண் பார்க்க வந்த கதையையோ கேளுங்கள். சொல்ல ஆரம்பித்ததும் கை நீளும், கண் விரியும். விளக்கு தள்ளி இருக்கிறது. காமிராவோ உங்கள் கையில் சுதந்திரமாக இருக்கிறது. அப்போது எடுங்கள். பேரனிடம் குடையை அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தாத்தாவையும் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ப்ளாஷிலிருந்து நாலு பாட்டரிகளையும் எடுத்துத் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து தகடுகளை அரித்துவிடும்.